நாற்பத்தேழில் பன்னிரண்டு

ஒரு விடுகதை. நாற்பத்தேழு பேர் ஒரே வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒன்பது பேர் உன் சொந்தக்காரர்கள். கதவை ஒரு தடவைதான் தட்டலாம், ஒருத்தர்தான் வெளியே வருவார், தட்டுவதற்கு முன்னால் கையில் இருப்பதை எல்லாம் வாசற்படியில் வைத்துவிட வேண்டும். அது என்ன? சீட்டுக்கட்டு என்று சொன்னீர்கள் என்றால் பாதி சரி. மீதிப் பாதி, தட்டலாமா வேண்டாமா என்பது. அந்தப் பாதிக்குத்தான் பதினொரு வயது பிலோமி, தூத்துக்குடியில் தன் பெரியம்மா வீட்டு முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்தில், கண் இமைக்காமல் விடை தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் ஐந்து சீட்டுகள். இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் மூன்று. அப்புறம், வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்து உட்கார்ந்துவிட்டவன் மாதிரி, மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு டைமன் ஜாக்கி. இந்த ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒரு சீட்டு வாங்கலாம். வருவது இஸ்பேட் என்றால் ஐந்தும் ஒரே இனம். ஐந்தும் ஒரே இனம் என்றால் எந்த ஜோடியும் அதற்கு முன்னால் நிற்காது. கப்பலில் வேலை பார்க்கிற பெலிக்ஸ் சித்தப்பா காலையிலேயே சொல்லிவிட்டார், அங்கே இந்த ஆட்டத்துக்குப் பேர் போக்கர், ரம்மி மாதிரி இதில் நீளமாகச் சேர்க்கிற வேலை கிடையாது, ஆளுக்கு ஐந்து சீட்டு, ஒரு பந்தயம், பந்தயத்தைக் கட்டினவர்கள் வேண்டாத சீட்டை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான், திறந்து காட்ட வேண்டியது. ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் ஜோடி, பெரிய ஜோடி சின்ன ஜோடியை அடிக்கும், ஏஸ் ஜோடி எல்லா ஜோடியையும் அடிக்கும். ஐந்தும் ஒரே இனம் என்றால் அது ஜோடிகளை எல்லாம் அடிக்கும். ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டும் விழுந்தால், அந்த மூணும் ரெண்டும், ஐந்து ஒரே இனத்தையும் அடிக்கும். பிலோமிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியம்மா மகன் லெஸ்டன் அண்ணன் கையில் சீட்டுகள் இப்போது மூன்றும் இரண்டுமாகத்தான் நிற்கின்றன. மூன்று ஒன்றாக ஒட்டி, நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, அப்புறம் இரண்டு. அவன் தன்னிடம் இருந்த இருபது பொத்தானையும் ஒரே தள்ளாக நடுவில் தள்ளிவிட்டு, "எனக்கு ஒரு சீட்டும் மாத்த வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டான்.

"என்னட்டி, தூங்குதியா?" என்றான் லெஸ்டன். "இல்ல, ஜெபம் சொல்லுதியா?"

"யோசிக்கட்டும்ல. உனக்கு என்ன, கப்பலா கிளம்புது?" என்றார் சித்தப்பா, மிச்சக் கட்டை உள்ளங்கையில் தட்டிச் சமப்படுத்தியபடி.

கப்பல்தான் கிளம்புகிறது. நாளைக் காலையில் கிளம்புகிறது, சித்தப்பாவும் அதோடு போய்விடுவார், திரும்பி வர ஒன்பது மாதம், அப்போதும் கப்பல் இந்த ஊருக்கே வரும் என்று யார் கண்டது, கொழும்புக்குப் போகும், கொச்சிக்குப் போகும், சித்தப்பா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்குவார். இன்று நாலு மணிக்கு அவர் துறைமுகத்துக்குப் போகிறபோது வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆளைக் கூட்டிப்போகலாம். ஒரு பாஸ். ரோஸ் நிறக் காகிதம், பேர் எழுதுகிற இடம் மட்டும் வெறுமை, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் பாதி தெரியும்படி செருகி வைத்திருக்கிறது, மின்விசிறி காற்றில் அதன் ஓரம் எழும்பி எழும்பிப் படுக்கிறது, கூப்பிடுகிற மாதிரி. இருவரும் போட்ட சண்டையில் சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு, சரி, ஆளுக்கு நாற்பது பொத்தான், நாலு மணிக்கு யாரிடம் அதிகமோ அவர் பேரை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். பொத்தான்கள் பெரியம்மாவுடையவை. மூலையில் தையல் மெஷினில் அவள் யாருக்கோ ஜாக்கெட் முடித்துக்கொண்டிருக்கிறாள், மெஷின் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும், அது ஓடுகிறபோது பிலோமிக்கு நெஞ்சு படபடப்பது தெரியவில்லை, நிற்கிறபோது தெரிகிறது. சட்டைப் பொத்தான், சுடிதார்ப் பொத்தான், பிள்ளைகள் உடுப்புக்கு வைக்கிற வாத்துப் பொத்தான், எல்லாம் ஒரே மதிப்பு. முதல் நாலு கையில் ஆள் மாற்றி ஆள் ஜெயித்துச் சரிசமமாகிவிட்டது. அப்புறம் பயம் வந்துவிட்டது இரண்டு பேருக்கும். நாலு நாலு பொத்தான் கீழே வைப்பார்கள், சீட்டைப் பார்ப்பார்கள், வேண்டாம் என்பான் அவன், வேண்டாம் என்பாள் இவள், பொத்தான் நடுவிலேயே கிடக்கும், அடுத்த கை. இப்படியே நாலு கை, இது ஐந்தாவது. நடுவில் நாற்பது பொத்தான் குவிந்துவிட்டது, யாருக்கும் இல்லாமல். அதோடு இப்போது லெஸ்டனின் இருபது. அறுபது. பிலோமி கட்ட வேண்டியது இருபது. அவளிடம் இருப்பதும் இருபதுதான்.

கட்டாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் இருக்கிற இனிப்பு. சீட்டை மெதுவாகக் குப்புற வைத்துவிடலாம், இருபது பொத்தானும் முழங்காலுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கும், ஒரு வாத்துகூடக் குறையாது. அறுபதும் அவனுக்குப் போகும், போகட்டும், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, நாலு நாலாகப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளலாம்தான். அறுபது வைத்திருக்கிறவன் நாலு மணி வரைக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், அவனுக்கு என்ன. நாலு அடிக்கும். சித்தப்பா பேனாவை எடுத்து லெ என்று எழுதத் தொடங்குவார். யாரும் பிலோமியைக் குறை சொல்ல மாட்டார்கள். நல்லாத்தான் ஆடுனா பிள்ள, சீட்டு வரல, என்பார்கள். அப்படி யாராவது சொல்கிறபோது தலையில் கை வைப்பார்கள், அந்தக் கை எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வைத்த விளையாட்டுப் போட்டியில் வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம். ஒன்பது பிள்ளைகள் ஓடினார்கள். எட்டுப் பேர் பழத்தைக் கீழே போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள், மண்ணும் பழமுமாக ஓடிப்போய்க் கயிற்றைத் தொட்டார்கள். பிலோமி போடவே இல்லை. ஒரு அடி, நிற்பாள், பழம் ஆடுவது அடங்கும், இன்னொரு அடி. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். மைக்கில் சிஸ்டர், கடைசி வரைக்கும் பழத்தைக் கீழே போடாத பிள்ளை என்று சொல்லி ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், அம்மாகூடத் தட்டினாள். பழம் கரண்டியில் இருந்தது. பந்தயம் முடிந்திருந்தது. அந்த சோப்பு டப்பா இன்னும் குளியலறையில் இருக்கிறது, பச்சை நிறம், ஒவ்வொரு நாளும் அதைத் திறந்துதான் அவள் குளிக்கிறாள்.

"பொம்பளப் பிள்ளைக்குக் கப்பல்ல என்ன வேல?" என்றாள் பெரியம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்த ஏணிப்படி ஆடும்னு சொல்லுதாவ. இவ கயித்தப் பிடிப்பாளா, பாவாடையப் பிடிப்பாளா?"

"நான் சுடிதார் போடுவேன் பெரியம்மா."

"வாய் மட்டும் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நீளும்."

"அம்மா, நீ சும்மா இரு, அவளே வச்சிருவா" என்றான் லெஸ்டன். "வச்சிருட்டி. உனக்கு ஒரு போட்டோ எடுத்துட்டு வாரேன். கப்பல் மூஞ்சிக்கு முன்னால நான் நிப்பேன், பின்னால கடல் தெரியும்."

அவனுக்குக் கப்பலின் முகப்பு வேண்டும், அவளுக்கு வயிறு வேண்டும். சித்தப்பா எஞ்சின் அறையில் பிட்டர். கீழே, மூன்று மாடி கீழே, உன்னை நிற்க வைத்தால் உன்னை விட உயரமான பிஸ்டன் இருக்கிறது பிலோமி, நாம் பேசுகிற சத்தம் நமக்கே கேட்காது, காதை மூடிக்கொண்டு கையாலேயே பேசுவோம், என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், அவருக்கு மறந்துகூடப் போயிருக்கும். அவள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த பிஸ்டனை எட்டு தடவை வரைந்துவிட்டாள், எட்டும் எட்டு விதம், எது சரி என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு ரோஸ் காகிதம் போதும். சரி, கணக்கு. கணக்கு என்றால் கணக்கு. சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு, என் கையில் ஐந்து, மீதி நாற்பத்தேழு. இஸ்பேட் பதிமூன்று, என்னிடம் நாலு, மீதி ஒன்பது. நாற்பத்தேழில் ஒன்பது. அதில் சில அண்ணன் கையிலேயே இருக்கலாம், இருந்தாலும் என்ன, என் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் ஒன்றுதான், கட்டில் குப்புறக் கிடந்தாலும் அவன் கையில் நின்றாலும் முகம் காட்டாதது முகம் காட்டாததுதான். இருபதைப் போட்டால் அறுபது வரும். இதே கையை நாலு தடவை ஆடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம், மூன்று தடவை தோற்றால் மூவிருபது அறுபது போய்விடும், ஒரு தடவை ஜெயித்தால் அறுபது வந்துவிடும், சரிக்குச் சரி. ஆகையால் நாலில் ஒன்று கிடைத்தால் தட்டலாம். நாற்பத்தேழை நாலு கட்டாகப் பிரித்தால் ஒரு கட்டில் பன்னிரண்டு முழுசாக வராது, ஆனால் பதினொன்றைத் தாண்டும். என்னிடம் ஒன்பது. ஒன்பது பத்தாது. ஜன்னல் கம்பிகளில் ஒரு தடவை எண்ணினாள், சித்தப்பா சட்டையின் கோடுகளில் ஒரு தடவை எண்ணினாள். எங்கே எண்ணினாலும் ஒன்பதுதான், எங்கே எண்ணினாலும் பத்தவில்லை. மூன்று சொந்தக்காரர்கள் குறைகிறார்கள். அதுவும் அவன் கையில் அந்த மூணும் ரெண்டும் இருந்தால், ஒன்பது பேரும் வரிசையாக வந்து வணக்கம் சொன்னாலும் பிரயோசனம் இல்லை. வைத்துவிடு. வைத்துவிடுவதுதான் சரி. கணக்கே சொல்கிறதே, பயந்து வைக்கவில்லை, கணக்குப் பார்த்து வைக்கிறேன். கை கீழே இறங்கியது. பாதி தூரம் இறங்கியது.

பாதி தூரத்தில் அந்தக் கை நின்றதற்குக் காரணம் லெஸ்டனின் வாய். அவன் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆசையாக, பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி. கட்டைவிரல் அந்த மூன்று சீட்டின் மேல் ஒவ்வொன்றாகப் போனது. போகும்போது உதடும் சத்தமில்லாமல் அசைந்தது. முதல் சீட்டுக்கு வாய் அகலமாகத் திறந்தது. இரண்டாவதுக்குப் பல் தெரிந்தது. மூன்றாவதுக்கு உதடு குவிந்து ஒட்டிப் பிரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து, அதே அகலம், அதே பல், அதே குவிப்பு. மெஷின் நின்றது. பிலோமிக்கு நெஞ்சு கேட்டது. ஒரே எண்ணில் மூன்று சீட்டு வைத்திருக்கிறவன் எதற்கு வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறான்? மூன்று ராஜா என்றால் ராஜா ராஜா ராஜா, மூன்று தடவையும் வாய் ஒரே மாதிரி அல்லவா போக வேண்டும்? இவன் வாய் மூன்று தடவை மூன்று விதமாகப் போகிறது. மூன்று வேறு வேறு எண். அடுத்தடுத்த எண். ரம்மி. அடக் கடவுளே, ரம்மி! இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை, கறிக்குழம்பு, ரம்மி. இவனுக்கு நடக்க வருகிறதற்கு முன்னால் சீட்டு அடுக்க வந்துவிட்டது. மூன்று அடுத்தடுத்துச் சேர்ந்துவிட்டால் இந்த வீட்டுக் கைகள் தாமாகவே அதைச் சேர்த்து ஒட்டி வைத்து விரல் அளவு இடம் விடும், யார் சொல்லியும் கேட்காது. காலையில் பழகிப் பார்த்தபோது பெரியம்மாவே அதைத்தான் செய்தாள், ஆட்டின் இனத்தில் நாலு அஞ்சு ஆறு, கூட இரண்டு பத்து, பட்டென்று தரையில் விரித்து, "அடிச்சாச்சு!" என்று தொடையைத் தட்டினாள், சித்தப்பா சிரித்துக்கொண்டே, "மதினி, இது ரம்மி இல்ல. அந்த மூணுக்கும் இங்க ஒரு மதிப்பும் கிடையாது. இது வெறும் பத்து ஜோடி" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். லெஸ்டனும் சிரித்தான். ஆனால் கடைசியில் சிரித்தான். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, சித்தப்பா முகத்தை ஒரு தடவை பார்த்து, அப்புறம்தான் சிரித்தான், எல்லாரையும் விடச் சத்தமாக. புரியாதவர்கள்தான் அப்படிச் சத்தமாகச் சிரிப்பார்கள், வகுப்பில் அவளும் சிரித்திருக்கிறாள், அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் அவனிடம் இருப்பது ஒரு ஜோடி. ஒரு ஜோடியும் மூன்று வெட்டிச் சீட்டும். மாற்றவும் மாட்டான், சேர்ந்த கையை எந்த ரம்மிக்காரன் கலைப்பான், வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டான், ஆகையால் அவன் கை இதற்கு மேல் வளராது. ஜோடி என்றால், ஜோடி என்றால், இரு, மெதுவாக, பழம் ஆடுகிறது, இரு. ஜோடியை இஸ்பேட் மட்டும்தானா அடிக்கும்? ஏஸ். என்னிடம் ஒரு ஏஸ் நிற்கிறதே. இன்னொரு ஏஸ் வந்தால் ஏஸ் ஜோடி, அவன் ராஜா ஜோடியே வைத்திருந்தாலும் எழுந்து நின்று இடம் விட வேண்டியதுதான். கட்டில் ஏஸ் இன்னும் எத்தனை? ஆட்டின், டைமன், கிளாவர். மூன்று. ஒன்பதும் மூன்றும். இவ்வளவு நேரம் வீட்டுக்குள் தேடியதில் அந்த மூன்று பேரையும் அயலார் என்று நினைத்துத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள், அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார்கள், கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்கள். பன்னிரண்டு! நாற்பத்தேழை நாலு கட்டாகப் பிரித்தால் பன்னிரண்டு முழுசாக வராது. என்னிடம் முழுசாகப் பன்னிரண்டு இருக்கிறது. ஒரு நூல் அளவுதான் தாண்டுகிறது, தாண்டுகிறதே! முதுகுத்தண்டில் ஏதோ விறுவிறுவென்று ஏறிப் பின்கழுத்தில் நின்றது, காது இரண்டும் சுட்டது, சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். இந்த அறையில் நாலு பேர் இருக்கிறார்கள், இந்தக் கணத்தில் இதைத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. சித்தப்பாவுக்குத் தெரியாது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தேடுகிற பெரியம்மாவுக்குத் தெரியாது. தன் சீட்டைத் தானே பிடித்திருக்கும் லெஸ்டனுக்கே தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் கையைப் பார்க்காமலே பார்த்துவிட்டாள். பிஸ்டனை இதுவரை பார்க்கவில்லை, ஆனால் பார்க்காததைப் பார்ப்பது எப்படி என்று இப்போது தெரிந்துவிட்டது, இதை யாரும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைக்க முடியாது.

ஒருவேளை அந்த இரண்டு சீட்டே ஏஸ் ஜோடியாக இருந்தால்? இல்லை, ஏஸ் கைக்கு வந்தால் அவனுக்கு மூக்கு விடைக்கும், முதல் நாலு கையில் இரண்டு தடவை பார்த்தாயிற்று, இப்போது விடைக்கவில்லை. ஒருவேளை உதடு அசைந்தது வெறுமனே பாட்டு முணுமுணுத்ததாக இருந்தால்? பாட்டுக்குக் கட்டைவிரல் எதற்கு? ஒருவேளை, ஒருவேளை. ஒருவேளைகள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றின. எல்லாவற்றுக்கும் பின்னால், எல்லாவற்றையும் விட உயரமாக, அந்தப் பெரிய ஒருவேளை: பன்னிரண்டு சரியான பன்னிரண்டுதான், என்றாலும் மீதி முப்பத்தைந்து பேர் உள்ளே நிற்கிறார்கள். நாலு தடவை தட்டினால் மூன்று தடவை அயலார்தான் கதவைத் திறப்பார்கள். கணக்குச் சரியாக இருக்கும், இருபது பொத்தானும் போய்விடும், அவ்வளவுதான், சோப்பு டப்பாகூடக் கிடையாது. பைத்தியம் எல்லாத்தையும் போட்டுட்டு முழிக்கு பாரு என்பாள் பெரியம்மா. சாயங்காலம் அம்மா ரேஷன் கடையில் வேலை முடிந்து வந்து, ஏன்மா, வச்சிருக்கலாம்ல என்பாள். என்ன பதில் சொல்வது? பன்னிரண்டு இருந்தது அம்மா என்று சொல்லலாம். பன்னிரண்டா, என்ன பன்னிரண்டு என்பாள். விளக்கலாம், நோட்டில் எழுதிக் காட்டலாம், அது அழிகிற கணக்கு இல்லை, தோற்ற பிறகும் அது சரியாகவே இருக்கும். இதுதான் வேடிக்கை. எலுமிச்சம்பழத்தில் அவள் ஒன்றையும் கீழே போடவில்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இதில் எல்லாம் கீழே விழுந்தாலும் சொல்ல ஒன்று இருக்கும். மண்ணும் பழமுமாக ஓடிப்போய்க் கயிற்றைத் தொட்ட அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரித்தார்கள், பல்லில் எல்லாம் மண், ஒருத்தி முழங்காலில் ரத்தம், அவர்களில் மூன்று பேர்தான் ஜெயித்தார்கள், மற்ற ஐந்து பேரும் அதே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. கையில் டப்பாவை வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூரத்தில் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. சித்தப்பாவின் கப்பலாக இருக்காது, இருந்தாலும் ரோஸ் காகிதம் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிலோமி, சொல்லும்மா. கட்டுதியா, வைக்கியா?"

"வைக்கத்தான் செய்வா" என்றான் லெஸ்டன், அறுபது பொத்தானையும் அள்ள இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டே. "இவ என்னைக்குக் கட்டுனா? சைக்கிளையே இன்னும் உருட்டிட்டுத்தான் போறா."

அவன் நீட்டிய கைகளை அவள் பார்த்தாள். நகத்தில் அழுக்கு, மணிக்கட்டில் ஜெபமாலைக் கயிறு. அவன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கைகள் சீட்டை மூன்றும் இரண்டுமாகப் பிரித்து வைத்திருக்காவிட்டால் அவளுக்கு இந்தப் பன்னிரண்டு கிடைத்திருக்காது. நன்றிகூடச் சொல்லலாம் போல இருந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது, நெஞ்சு கேட்கவில்லை. அப்புறம் நின்றது, அப்போதும் கேட்கவில்லை. நாற்பத்தேழு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே பன்னிரண்டு பேர் அவள் பேரைக் கூப்பிட்டால் திரும்புவார்கள், முப்பத்தைந்து பேர் திரும்ப மாட்டார்கள், கதவு மரக்கதவு, அவ்வளவுதான், வேறு பூட்டு ஒன்றும் அதில் இல்லை.

பிலோமி இருபது பொத்தானையும் நடுவில் தள்ளினாள். டைமன் ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒரு சீட்டு கேட்டாள்.